மூன்று வீட்டுக்காரர்களின் கையெழுத்து

என் கைபட்டு ஐதராபாத்தில் முப்பது வீடுகளாவது எழும்பியிருக்கும். அவற்றில் ஒன்றைக்கூட நான் கட்டவில்லை என்பது நகராட்சி அலுவலகத்தின் இரண்டாவது மாடிக்குப் போனபோதுதான் எனக்குத் தெரியவந்தது.

குடியிருப்பு வீடுகள் கட்டும் ஒப்பந்ததாரராக உரிமம் கேட்டு விண்ணப்பம் போட்டிருந்தேன். டிப்ளமோ சான்றிதழ், முகவரிச் சான்று, வங்கிக் கடிதம், முத்திரைத்தாளில் உறுதிமொழி என்று எல்லாவற்றையும் அடுக்கித் துளைபோட்டு நாடா கட்டிக் கொண்டுபோனேன். அந்தப் பிரிவின் குமாஸ்தா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். கடைசித் தாள் முடிந்த பிறகும் புரட்டினார். அங்கே அட்டைதான் இருந்தது.

"அனுபவம் உந்தி அண்டாரு. ஆதாரம் ஏதி?" என்றார். அனுபவம் இருக்கிறது என்கிறீர்களே, ஆதாரம் எங்கே என்று கேட்கிறார்.

நான் கட்டிய வீடுகளைத் தெருவாரியாகச் சொல்ல ஆரம்பித்தேன். நாலாவது தெருவில் அவர் கையைக் காட்டி நிறுத்தினார். அந்த வீடுகளுக்கெல்லாம் அனுமதி யார் பெயரில் வாங்கியது என்று கேட்டார். என் முதலாளி பெயரில். ஒப்பந்தம் யார் பெயரில்? அதுவும் அவர் பெயரில்தான். அப்படியானால் கட்டியது அவர், என்றார்.

"நீங்களே நேரில் வந்து பாருங்கள் சார். ஒவ்வொரு வீடும் மலை மாதிரி நிற்கிறது."

"நிற்கட்டும் சார். யார் நிறுத்தினது என்று வீடு வாய் திறந்து சொல்லாதே."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இந்த இடத்தில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். எனக்குக் கோபம் வருவதற்குப் பெரிய காரணமெல்லாம் வேண்டியதில்லை. சின்னக் காரணம் கிடைத்தால் அதை வைத்தே சமாளித்துக்கொள்வேன். ஆனால் அன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். குமாஸ்தா நல்ல மனிதர். வழி இரண்டு இருக்கிறது என்றார். ஒன்று, எந்த ஒப்பந்ததாரரிடம் வேலை பார்த்தேனோ அவரிடமிருந்து ஒரே ஒரு அனுபவச் சான்றிதழ். அது முடியாதென்றால், மூன்று வீட்டுக்காரர்களிடமிருந்து, இன்னார்தான் நின்று எங்கள் வீட்டைக் கட்டினார் என்று ஆளுக்கொரு கடிதம். வீட்டின் போட்டோவோடு.

"ஒரு சர்டிபிகேட் வாங்கிக்கங்க. அதுதான் சுலபம்" என்றார்.

மூன்று கடிதமே கொண்டுவருகிறேன் என்றேன்.

முதலாளியிடம் போக முடியாததற்குக் காரணம் இருந்தது. தொண்ணூற்றெட்டில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து டிப்ளமோவைக் கையில் வைத்துக்கொண்டு வந்திறங்கிய நாள் முதல் அவரிடம்தான் வேலை. சைட் சூப்பர்வைசர் என்று பெயர். அஸ்திவாரத்துக்குப் பாறையை உடைப்பதிலிருந்து கடைசிக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று திறந்து பார்ப்பது வரைக்கும் என் பொறுப்பு. அவர் பூமி பூஜைக்கு ஒருமுறை, ஸ்லாப் போடும் நாளில் ஒருமுறை, கிரகப்பிரவேசத்துக்கு ஒருமுறை வருவார். ஒன்பதாவது வருடம் ஒரு கிரகப்பிரவேசத்தில் வீட்டுக்காரர் அவருக்குப் பட்டு வேட்டி கொடுத்து, எல்லோரும் கைதட்டி, சாப்பாட்டுப் பந்தியில் யாரோ என்னைக் காட்டி இவர் யார் என்று கேட்டார்கள். "மன மனிஷியே. டேப் பிடிக்கிறவர்" என்றார் முதலாளி. நம்ம ஆளுதான் என்று செல்லமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அந்த டேப் நெஞ்சில் குத்தியது. பாதி இலையில் எழுந்து கைகழுவிக்கொண்டு, நாளையிலிருந்து வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பாயசம் வருவதற்குள் வந்துவிட்டேன் என்பதை என் மனைவி இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

கடித விஷயத்தைக் கேட்டதும் அவள் சொன்னது இது: "ஏங்க, ஒம்பது வருசமா ஊருக்கெல்லாம் வீடு கட்டுதிய. ஒரு கடுதாசிகூடவா கையில இல்ல? பேசாம மொதலாளிகிட்டப் போயி ஒண்ணு வாங்கிட்டு வாங்க. சோலி முடிஞ்சுது."

"அந்த ஆளு வாசல்ல நான் போயி நிப்பனா?"

"நிக்காண்டாம். உக்காந்தே கேளுங்க."

அவளுக்கு விளையாட்டு. எனக்கு அப்படியில்லை. மாதாப்பூரில் வேலை பார்க்கும் ஒரு கணவன் மனைவி, தெலுங்குக்காரர்கள், இருவரும் சாப்ட்வேர், குகட்பள்ளிக்குப் பின்னால் மனை வாங்கியிருந்தார்கள். நான் கட்டிய ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு, கட்டினால் இவரை வைத்துத்தான் கட்டுவது என்று என்னைத் தேடிக்கொண்டு வந்தார்கள். முதல்முதலாக என் பெயருக்கு ஒரு வீடு! ஆனால் வரைபடத்தை அனுமதிக்குக் கொடுக்கும்போது உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரின் கையெழுத்து வேண்டும். அந்தச் சாப்ட்வேர்ப் பையனின் அம்மாதான் வீட்டில் எல்லாவற்றுக்கும் கடைசி வார்த்தை. அவர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். ஆஷாடத்துக்கு முன்னால் பூமி பூஜை போட வேண்டும். அதற்குள் உங்கள் கையில் உரிமம் இருந்தால் நீங்கள். இல்லையென்றால் சொந்தத்தில் ஒரு ஒப்பந்ததாரர் இருக்கிறார்.

ஆஷாடம் என்றால் நம் ஆடி. ஆடியில் நாமும்தான் எதையும் ஆரம்பிப்பதில்லை. வீட்டில் வந்து நாள்காட்டியைப் பார்த்தேன். மச்சினன் ஊரிலிருந்து வருடம் தவறாமல் அனுப்பும் தினசரிக் காலண்டர். ஆடி பிறக்க ஐந்து வாரம் இருந்தது. மூன்று கையெழுத்துக்கு ஐந்து வாரம்! நடந்தே போய் வாங்கிவிடலாம் என்று நினைத்தேன்.

முதலில் லாலாகுடா. ரயில்வே பணிமனையில் பிட்டராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு தமிழர், குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுப் பக்கத்திலேயே கட்டிய வீடு. மூன்று தலைமுறையாக இங்கே இருப்பவர்கள். அவர் பேசுவது தமிழ்தான் என்று கொஞ்ச நேரம் கேட்டால் பிடிபட்டுவிடும்; ஆமாம் என்பதற்கு ஹவ், இல்லை என்பதற்கு நக்கோ, எதற்கு என்பதற்கு கைக்கு. நான் தட்டச்சு செய்து கொண்டுபோன கடிதத்தை வாங்கிப் படித்தார்.

"ஹவ், வீடு ஸ்ட்ராங்தான். யாரு நக்கோன்னா? நீதான் கட்டினே. ஆனா கையெழுத்துக்கு முந்தி ஒரு விசயம் இருக்குது. வா இங்க."

குளியலறைக் கதவின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். அவரே தள்ளிக் காட்டினார். கதவு நாலு விரற்கடை தள்ளி நின்றுகொண்டது.

"மழைக்காலம் வந்தா மூடாது. உள்ள போற ஆளு பாட்டுப் பாடிக்கினே இருக்கணும். அப்பத்தான் வெளில இருக்கிறவனுக்குத் தெரியும். எங்க வீட்டுல நாலு ஆளு, நாலு பாட்டு. மருமவளுக்குப் பாட்டு வராது, அது பாவம் வாய்ப்பாடு சொல்லுது."

"அப்பவே சொல்லியிருந்தா இழைச்சுக் குடுத்திருப்பேனே சார்?"

"சொன்னேனே பா! கதவு கரெக்டாத்தான் இருக்குது, நீங்க தள்ளுறதுதான் தப்புன்னு கத்தினே. கைக்கு வம்புன்னு உட்டுட்டேன்."

சொல்லியிருக்கிறேன். அவர் சொன்னதும் எனக்கு நன்றாகவே ஞாபகம் வந்தது. கதவை எப்படித் தள்ள வேண்டும் என்று அவருக்குச் செய்தே காட்டியிருந்தேன். அன்றைக்கே தச்சரைக் கூட்டிவந்து கதவைக் கழற்றி அடியையும் பக்கத்தையும் இழைத்து மாட்டினோம். அவர் தன் பணிமனைக் காலத்து இரும்பு ஸ்கேலை வைத்து இடைவெளியை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளந்தார். பிறகு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் சத்தமே இல்லாமல் இருந்தார். வெளியே வந்து கையெழுத்துப் போட்டார்.

ஒன்று முடிந்தது என்ற தெம்பில் பத்து நாளை வேறு சில்லறை வேலைகளில் விட்டுவிட்டேன். அதற்குப் பிறகுதான் குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனிக்குப் போனேன். அங்கே ஒரு தலைமையாசிரியை அம்மாவுக்கு, இருந்த கீழ்வீட்டின் மேல் ஒரு மாடி எடுத்துக் கொடுத்திருந்தேன். தெலுங்கு அம்மா. நாற்காலியைக் காட்டிக் "கூர்ச்சோண்டி" என்றால், உட்காராமல் இருக்க யாருக்கும் தைரியம் வராது. உட்கார்ந்தேன். கடிதத்தை இரண்டுமுறை படித்துவிட்டு மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.

"படியில ஏறித்தானே வந்தீங்க?" என்றார்.

படியில் தடுக்கித்தான் வந்திருந்தேன். அந்தக் கதை இப்படி. இந்த ஊரில் மாடிப்படி ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும். நான் பதினெட்டுப் படி வைத்துவிட்டேன். எல்லாம் பூசி முடித்த பிறகு ஒரு வாஸ்துக்காரர் வந்து கையில் சாக்பீஸை வைத்துக்கொண்டு எண்ணினார். அந்த அம்மா என்னைப் பார்த்தார். எனக்கு வந்த கோபத்தில், பத்தொன்பதுதானே வேண்டும், இந்தாருங்கள் என்று அன்று மத்தியானமே அடியில் ஒரு படியைக் கட்டிவிட்டேன். மற்ற படிகளெல்லாம் ஆறு அங்குலம் என்றால் அது மூன்று அங்குலம். எண்ணிக்கைக்கு இருக்கும், காலுக்கு இருக்காது.

"எங்க சொந்தக்காரங்க யாரும் இந்த வீட்டுக்குள்ள நடந்து வந்ததில்ல. விழுந்துதான் வர்றாங்க" என்றார் அந்த அம்மா. சிரிக்கவில்லை.

நாளைக்கே ஆளோடு வருகிறேன் என்றேன். மேலே மாடி வீட்டு வாசலில் முழு உயரத்துக்கு ஒரு படி எடுத்துவிட்டு, கீழே இருக்கும் குட்டைப் படியை உடைத்தெடுத்துவிடலாம். பத்தொன்பதும் கெடாது, யாரும் விழவும் மாட்டார்கள். அவர் தலையசைத்துவிட்டு, "சீக்கிரம் செய்யுங்க. அடுத்த ஞாயித்துக்கிழம ஆஷாடம் வருது, அதுக்குள்ள முடிச்சிடுங்க" என்றார்.

"ஆஷாடத்துக்கு இன்னும் மூணு வாரத்துக்கு மேல இருக்கேம்மா" என்றேன்.

ஒரு தப்புக் கணக்கைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். எழுந்து போய்ச் சுவரில் மாட்டியிருந்த தெலுங்குக் காலண்டரைக் கழற்றிக் கொண்டுவந்து என் மடியில் வைத்து விரலால் காட்டினார். அவர்களுக்கு மாதம் அமாவாசைக்கு மறுநாள் பிறக்கிறது. நமக்குச் சூரியன் ராசி மாறும்போது. அவர்கள் ஆஷாடம் பிறந்து, பாதிக்கு மேல் தேய்ந்த பிறகுதான் நம் ஆடி கண்ணைத் திறக்கிறது. அடுத்த வாரச் சனிக்கிழமை அமாவாசை. அதற்கு முன்னால் மனை முகூர்த்தம் வியாழக்கிழமை காலையோடு சரி. நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது வெள்ளிக்கிழமை.

ஒன்பது வருடம் ஐதராபாத்தில் வீடு கட்டிய எனக்கு இது எப்படித் தெரியாமல் போயிற்று என்று கேட்பீர்கள். முகூர்த்தம் பார்ப்பது முதலாளியின் வேலை. நாளைக் காலை ஆறரை மணிக்குக் கடப்பாரையோடு வந்துவிடு என்று போன் வரும், போவேன். வீட்டில் மாட்டியிருந்தது ஊர்க் காலண்டர். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டதே இல்லை.

வீட்டில் போய்ச் சொன்னேன். என் மனைவி தினசரிக் காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு தாள் தாளாக எண்ணினாள்.

"இந்தா பாருங்க, ஆடி பொறக்க இன்னும் மூணு வாரத்துக்கு மேல கெடக்கு. இவியளுக்கு மட்டும் எப்பிடி முன்னாடியே பொறக்கும்?"

"பொறக்குமாம்."

"அப்ப ஒண்ணு செய்யுங்க. அவுங்க ஆஷாடம் முடிஞ்ச மறுநாளே பூசையப் போடச் சொல்லுங்க."

"அவங்களுக்கு முடியும்போது நமக்கு ஆடி பாதியில நிக்கும்."

அவள் காலண்டரை மூடிவிட்டாள். "ஆடியில மொத வீடா? அது ஆவாது. வியாழக்கெழமையே போட்டுருங்க" என்றாள், ஏதோ நான்தான் வேண்டாம் என்று சொன்னதுபோல.

சனிக்கிழமை முழுக்கக் கொத்தனாரோடு நின்று மேல்படியை எடுத்தேன். ஞாயிறு காலை கீழ்ப்படியை உடைத்தோம். தலைமையாசிரியை அம்மா பத்தொன்பதையும் தானே ஏறி எண்ணிப் பார்த்து, மறுபடி இறங்கி எண்ணிப் பார்த்து, கையெழுத்துப் போட்டார். இரண்டு.

மூன்றாவதுக்கு நான் கவலையே படவில்லை. என் வீடுகளிலேயே சிறந்த வீட்டை அதற்கென்று வைத்திருந்தேன். மாதாப்பூர்ப் பக்கம், பாறைச் சரிவில் கட்டிய வீடு. பாறையை முழுக்க வெடிவைத்து எடுக்காமல், இருக்கிற மட்டத்துக்குத் தக்கபடி கூடத்தை ஒரு படி இறக்கி, வெளிச்சம் இரண்டு பக்கமும் வருகிற மாதிரி கட்டியிருந்தேன். அந்த வீட்டில் எந்தக் குறையும் இல்லை. வீட்டுக்காரரே ஒத்துக்கொண்ட ஒரே வீடு அது. திங்கட்கிழமை காலை மொபெட்டை எடுத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குள் நுழைந்தேன். தெரு முழுக்கத் தகரத் தடுப்பு. தடுப்புக்குப் பின்னால் பெரிய பள்ளம். பள்ளத்தில் இரண்டு இயந்திரங்கள் பாறையைக் கொத்திக்கொண்டிருந்தன. ஐந்து மாடிக் குடியிருப்பு வரப்போகிறது என்று படம் போட்ட பலகை.

காவலாளி வந்து இந்தியில் என்ன வேண்டும் என்று கேட்டான். இங்கே ஒரு வீடு இருந்ததே என்றேன். இடித்து மூன்று மாதம் ஆகிவிட்டது, ஐயா மகனோடு அமெரிக்கா போய்விட்டார் என்றான். கையெழுத்துப் போட வீட்டுக்காரரும் இல்லை, போட்டோ எடுக்க வீடும் இல்லை. இடிக்கிறவன் எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பான், அந்தச் சுவர் லேசில் விழுந்திருக்காதே என்று நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

அன்றும் மறுநாளும் பட்டியலில் இருந்த மிச்ச வீடுகளைச் சுற்றினேன். பாதிப் பேர் வீட்டைச் சாப்ட்வேர் பையன்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு வேறெங்கோ இருந்தார்கள். சிலர் விற்றுவிட்டார்கள். ஒருவர் உங்கள் முதலாளியைக் கேட்காமல் போடமாட்டேன் என்றார். இன்னொருவர் கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும், உள்ளே திரும்பி, "அந்த சன்ஷேடு போட்டோவெல்லாம் எடுத்துட்டு வா" என்று மனைவியைக் கூப்பிட்டார். நான் அப்புறம் வருகிறேன் என்று மொபெட்டைத் திருப்பிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மீதி இருந்தது ஒரே ஒரு வீடு. வீட்டுக்காரர் ஊரிலேயே இருக்கிறார், அவரே குடியிருக்கிறார், முழுக்க முழுக்க நான் கட்டியது. என் முதலாளியின் சொந்த வீடு.

புதன்கிழமை காலை போனேன். போகும்போது எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒப்பந்ததாரர் என்ற முறையில் இவரிடம் நான் சான்றிதழ் கேட்கப் போகவில்லை. ஒரு வீட்டுக்காரர் என்ற முறையில் கடிதம் கேட்கத்தான் போகிறேன். இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. அந்த வித்தியாசம் அவர் வீட்டு கேட் வரைக்கும் என்னோடு வந்தது.

"ஏம் தம்முடு, எப்படி இருக்கே?" என்றார், நான் நேற்றுத்தான் போய் இன்றைக்கு வந்ததுபோல. தம்பி என்று அவர் என்னைக் கூப்பிட்டு நாலு மாதம் ஆகியிருந்தது. அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார். நான் விஷயத்தைச் சொன்னேன். சாப்ட்வேர் தம்பதியைப் பற்றியும் சொல்ல வேண்டியதாயிற்று. என் கையெழுத்தை வைத்து என் வேலையையே பிடிக்கப் போகிறாயா என்று கேட்பார், அதற்கு என்ன பதில் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன்.

"தனி வீடா?" என்றார். "இந்தக் காலத்துல தனி வீட்டை எவன் கட்டுவான்? நான் அபார்ட்மெண்டுக்கு மாறிட்டேன் தம்முடு. தனி வீடெல்லாம் நீயே வச்சுக்கோ."

வழியெல்லாம் பார்த்த ஒத்திகை வீணாயிற்று. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

நான் தட்டச்சு செய்து கொண்டுபோன கடிதத்தை அவர் வாங்கவில்லை. என் வீட்டைப் பற்றி நான்தான் எழுதுவேன் என்று கோடுபோட்ட தாளை எடுத்துவைத்துக்கொண்டு தெலுங்கில் எழுத ஆரம்பித்தார். எனக்குத் தெலுங்கு பேச வரும். படிக்க என்றால் பஸ் பலகை வரைக்கும்தான். அவர் பாதியில் பேனாவை நிறுத்தி, உள்ளே பார்த்து மனைவியிடம் ஏதோ கேட்டார். அந்த அம்மா வாசல்வரை வந்து, வேண்டாம் என்பதுபோலக் கையை ஆட்டினார். அவர் எழுதினார். ஒரு பக்கம் முழுக்க எழுதிக் கையெழுத்துப் போட்டு, கவரில் வைத்து, சோற்றுப் பருக்கையைத் தேய்த்து ஒட்டி, நான் எதிர்பாராதபடி எழுந்து வந்து கையில் கொடுத்தார்.

அலுவலகம் போகிற வழியெல்லாம் சட்டைப்பையில் அந்தக் கவர் சுட்டது. பிரித்து யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லலாமா என்று இரண்டு இடத்தில் மொபெட்டை நிறுத்தினேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போன மனிதனைப் பற்றி ஒரு பக்கம் எழுத என்ன இருக்கும்? ஆனால் நேரம் இல்லை. மூன்றரை மணிக்கு இரண்டாவது மாடியில் இருந்தேன். குமாஸ்தா கவரைப் பிரித்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார். முதல் வரியை மனதுக்குள் படித்தவர், என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, பிறகு சத்தமாகவே படித்தார். பக்கத்து மேஜைகளிலும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

தெலுங்கில் அவர் படித்தது இதுதான்:

"இந்த வீட்டை நான் கட்டியதாகக் காகிதத்தில் இருக்கும். கட்டியது இவர். அஸ்திவாரத்திலிருந்து கைப்பிடிச் சுவர் வரை நான் ஒரு நாளும் முழுதாக நின்று பார்த்ததில்லை, பார்க்க வேண்டிய அவசியம் வரவில்லை. ஏழு மழைக்காலம் போயிற்று. ஒரு சொட்டு உள்ளே இறங்கியதில்லை. சமையலறைத் தரையில் மட்டும் வாட்டம் தப்பு. தண்ணீர் குழிக்குப் போகாமல் கதவு மூலையில் நிற்கிறது. என் மனைவி தினமும் துணி போட்டு எடுக்கிறாள். சொன்னால் இவருக்குக் கோபம் வரும், வேலையை விட்டுப் போய்விடுவார் என்று சொல்லவில்லை. இப்போது போய்விட்டார். அதனால் எழுதுகிறேன்."

குமாஸ்தா தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"இது சர்டிபிகேட்டா, கம்ப்ளெயிண்ட்டா?" என்றார்.

அவர் கோப்பைத் தூக்கிக்கொண்டு அதிகாரியின் அறைக்குள் போனார். உள்ளே மறுபடியும் அந்தக் கடிதத்தைப் படிக்கும் சத்தம் கேட்டது. பிறகு சிரிப்புச் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கோப்பில் பச்சை மையில் கையெழுத்து இருந்தது. மற்ற இரண்டு கடிதமும் ஒரே டைப்பில், ஒரே வார்த்தையில் இருக்கின்றன, இதைப் பார்த்த பிறகுதான் நீங்கள் நிஜமாகவே வீடு கட்டியவர் என்று நம்பிக்கை வந்தது என்று அதிகாரி சொன்னாராம். உரிம எண்ணை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார் குமாஸ்தா. வியாழக்கிழமை காலை ஆறரைக்கு அந்த மனையில் பூஜை நடந்தது. பையனின் அம்மா எண்ணை எழுதித் தன் கைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

எல்லாம் நினைத்தபடி நடந்த அந்த நாள் முழுக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் சொன்னால் இவருக்குக் கோபம் வரும் என்று குமாஸ்தா படித்த அந்த ஒரு வரி மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்றது. லாலாகுடாவில் வாய்ப்பாடு சொன்ன மருமகள், குகட்பள்ளியில் விழுந்து வந்த சொந்தக்காரர்கள், எல்லோருடைய பாடும் எனக்குக் கையெழுத்து தேவைப்பட்டபோதுதான் என் காதில் ஏறியது. ஒன்பது வருடம் என் வீடுகளில் குறையே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குறையைச் சொல்லத்தான் நான் யாரையும் விடவில்லை. வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு சாமானோடு முதலாளி வீட்டுக்குப் போனேன். அவர் வெளியே போயிருந்தார். அந்த அம்மாவிடம் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிச் சமையலறைத் தரையில் ஊற்றினேன். அது அவசரமே இல்லாமல், குழியைத் தாண்டி, கதவு மூலைக்குப் போய் நின்றது. நான் அதைப் பார்த்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். ஏழு வருடம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அம்மா என்று கேட்டேன்.

"நீங்க ஒத்துக்குவீங்களா?" என்றார். அவ்வளவுதான்.

தரையை உடைத்தோம். அவர் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முதல் வரிசைக் கல் பெயர்ந்த பிறகும் நான் கத்தவில்லை என்பதைக் கவனித்திருப்பார் போலிருக்கிறது. மெல்ல ஒரு அடி உள்ளே வந்தார். கூடத்து ஸ்விட்ச் போர்டு கதவுக்குப் பின்னால் போய்விட்டது, விளக்குப் போட வேண்டுமென்றால் கதவை மூட வேண்டியிருக்கிறது என்றார். எனக்குக் குப்பென்று கோபம் வந்தது. அது வரைபடத்தில் இருந்தபடி இருக்கிறது என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதிக்கொண்டேன். மாடி ஜன்னலில் சாரல் அடிக்கிறது என்றார். எழுதினேன். பூஜை அறைப் பரண் எட்டவில்லை, துவைக்கிற கல் வெயிலில் இருக்கிறது, மொட்டைமாடிக் குழாய் சுவரைப் பார்த்துத் திரும்பி இருக்கிறது என்று ஒவ்வொன்றாக வந்தன. சாயங்காலம் கொத்தனார் கைகால் கழுவி, டீ குடித்து, சாமானை எல்லாம் கட்டிவைத்துக்கொண்டு நின்றான். அந்த அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் எழுதிக்கொண்டிருந்தேன்.